விதையை வரையாத புத்தகம்

முள்ளிமந்தையில் ஆடிப்பட்டத்தில் நாற்றுவிட்ட கத்தரி ஐப்பசி முதல் வாரத்தில் காய்க்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு செடியிலும் ஒரு காய் நெடுக்கில் பாதியாக அறுபட்ட நிலையிலேயே காய்த்திருந்தது. அதே கிளையில் மொட்டும் விரிந்த பூவும் பிஞ்சும் முற்றிய காயும் பழுத்து மஞ்சள் ஏறிய காயும், ஒன்றையொன்று இடிக்காமல், ஒன்றையொன்று மறைக்காமல், வரிசையாக நிற்கும்படி யாரோ அதட்டி நிறுத்தியதைப் போல் நின்றன. மொட்டின் அருகில் ‘அ’ என்றும் பூவின் அருகில் ‘ஆ’ என்றும் அறுபட்ட காயின் அருகில் ‘இ’ என்றும் கறுப்பு எழுத்துகள் எதிலும் ஒட்டாமல், எதிலிருந்தும் தொங்காமல், காற்றில் நின்றன.

அந்த முக்கால் ஏக்கருக்கு உரியவளான பாவாத்தாள், ஐம்பத்தைந்து வயதுக்காரி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்று இதைப் பார்த்தாள். ஒரு காயைப் பறித்துத் திருப்பினாள். பின்பக்கம் இல்லை. தோல் இருக்க வேண்டிய இடத்தில் தாளின் வெள்ளை இருந்தது.

“ஏனக்கா, உங்களுதும் இப்படித்தானா?” என்று வாய்க்காலுக்கு அப்பால் தக்காளி பறித்துக்கொண்டிருந்தவளைக் கேட்டாள்.

“எங்களுது செவப்பு ஒதுங்கி நிக்குது புள்ள. காயி ஓரிடம், நெறம் ஓரிடம். கையெல்லாம் ஒட்டுது.”

“செரி, பறிங்க. வண்டி வந்துரும்.”

வண்டி வந்தது, ஏற்றினார்கள், மண்டியில் இறக்கினார்கள், அன்று பிற்பகலுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஊரின் பயிர்க்காடெல்லாம் ராஜகனி விதைக் கம்பெனியின் புத்தகத்தைப் பார்த்து விளைந்திருக்கிறது என்று. அந்தப் புத்தகம் முள்ளிமந்தையில் ஒவ்வொரு வீட்டிலும் ஆணியில் சணல் கட்டித் தொங்கியது. கம்பெனிக்காரர்கள் அதைக் கேட்லாக் என்றார்கள், குடியானவர்கள் படப்புத்தகம் என்றார்கள். பதினோராம் பக்கத்துக் கத்தரி பாவாத்தாளின் காட்டில் நின்றது. பதினான்காம் பக்கத்துத் தக்காளி, அச்சடித்தபோது சிவப்புத் தகடு ஒரு நெல் அகலம் நகர்ந்துபோயிருந்ததால், சிவப்பைத் தன் தோலுக்கு வெளியே ஒரு நெல் அகலம் தள்ளி அணிந்துகொண்டு நின்றது. காரணம் கேட்டு வேளாண்மை அலுவலர்கள் வந்தார்கள், மண் எடுத்தார்கள், நீர் எடுத்தார்கள், போனார்கள். காரணம் கிடைத்ததா என்று முள்ளிமந்தையில் ஒருவரும் விசாரிக்கவில்லை, ஆகையால் இங்கும் அது சொல்லப்படாது.

ராஜகனி கம்பெனிக்குப் படம் வரைந்தவள் கித்தேரியம்மாள். மதுரையில் தாவரவியலில் முதுகலை முடித்து, உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் ஆய்வுக்கூடத்தில் நான்கு ஆண்டுகள் அளவுகோலும் உருப்பெருக்கியும் கொண்டு வரையப் பழகி, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் முள்ளிமந்தைக்கு வந்தவள். இந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவள் வரைந்த எதுவும் அவள் வரைந்தபடி அச்சாகவில்லை. மூன்று விரற்கடை கத்தரி அச்சகத்துக்குப் போய் ஏழு விரற்கடையாகத் திரும்பியது. காம்பின் முள் காணாமற்போயிற்று. வளைந்த தண்டு நிமிர்ந்தது. கம்பெனி முதலாளி சாமியப்பன் இதற்குத் ‘திருத்தம்’ என்று பெயர் வைத்திருந்தார். திருத்தியவர் அவருடைய மருமகன். மருமகனுக்குக் கணினியில் ஒன்றைப் பெரிதாக்கவும் சிவப்பாக்கவும் தெரியும், வேறொன்றும் தெரியாது.

கம்பெனியின் இரும்பு அலமாரியில் எழுபத்துநான்கு பதிப்புகளும் இருந்தன. கித்தேரி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, துணியால் துடைத்து, படங்களை அருகருகே வைத்துப் பார்த்தவள். பார்த்ததனால் அவளுக்கு உண்டான மனத்தாங்கல் இன்றுவரை ஆறவில்லை. சாமியப்பனின் பாட்டனார், வெள்ளைக்காரர் காலத்தில், மலை மேல் தேயிலைத் தோட்டத்துத் துரை வீட்டுக் குப்பையில் கிடந்த சீமை விதைப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, திருவிழா நோட்டீசுக்கு மரக்கட்டை செதுக்குகிறவரிடம் கொடுத்தார். அவர் அவரைக்கொடியைப் பார்த்தபடியே செதுக்கினார், கட்டையில் மை தடவித் தாளில் ஒற்றினால் இடம் வலமாகும் என்பதைக் கொடியின் மட்டில் மறந்துவிட்டார்; அன்றிலிருந்து ராஜகனி புத்தகத்தில் அவரை தன் பிறவிக்கு எதிர்த்திசையில் கோலைச் சுற்றியது. அவருக்குப் பின் வந்தவர் நாள்காட்டிக்கு அம்மன் படம் வரைந்தவர்; அவர் பூசணிக்கு அம்மனின் கன்னத்தைக் கொடுத்தார், வெளிச்சம் எப்போதும் இடது மேல்மூலையிலிருந்துதான் வர வேண்டும் என்று விதித்தார், ஆனால் கொடியின் சுற்றை மாற்றவில்லை. அவருக்குப் பின் வந்தவர் சினிமாத் தட்டி எழுதியவர். நாற்பது அடியில் வரைந்து பழகிய கைக்குப் பாகற்காய் சிறியதாகத் தெரிந்தது. நடுவில் ஓராண்டு மட்டும் நிழற்படம் போட்டுப் பார்த்தார்கள். “இது எங்க காட்டுல இருக்கறதேதான, இதைப் பாக்கறதுக்கு எதுக்குங்க புஸ்தகம்?” என்று குடியானவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக, நூறாண்டுக் காலம் படத்தைப் பார்த்துப் படம் போட்டார்களே தவிர, பத்து அடி நடந்து கொல்லைக்குப் போய்ச் செடியைப் பார்த்துக் கித்தேரிக்கு முன் ஒருவரும் போடவில்லை.

அந்தப் படங்கள்தாம் இப்போது விளைந்து நின்றன. கித்தேரி ஓடையோரமாகக் காடு காடாக நடந்தாள். எதிர்த்திசையில் சுற்றும் அவரையைப் பார்த்தாள், கன்னம் மினுங்கும் பூசணியைப் பார்த்தாள், ஏழு விரற்கடைக் கத்தரியைப் பார்த்தாள். அவளுக்கு வியப்பு வரவில்லை, பயமும் வரவில்லை. தான் பிழையில்லாமல் வரைந்த ஒன்றுகூடத் தரையிலிருந்து எழும்பவில்லையே, எழும்பியதெல்லாம் மருமகனின் திருத்தமாக இருக்கிறதே என்ற ஆத்திரம்தான் வந்தது.

ஊர் பழகிக்கொண்டது. இதைச் சொல்லும்போதே வாய் கசக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்: ஊர் மூன்று வாரத்தில் பழகிக்கொண்டது. மண்டிக்காரர்கள் காயின் வண்ணப் பக்கத்துக்கு ‘முகப்பு’ என்றும் வெள்ளைப் பக்கத்துக்கு ‘முதுகு’ என்றும் பெயர் வைத்து, முதுகு கீழே இருக்கும்படி அடுக்கக் கற்றுக்கொண்டார்கள். வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் திருப்பிப் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொண்டார்கள். அறுத்தே காய்க்கும் கத்தரியால் அரிவாள்மணை துருப்பிடித்தது என்று பெண்கள் சிரித்தார்கள். எண்ணெய்க் கத்தரிக்காய் செய்ய நான்காகக் கீறினால் இரண்டு கீற்று வெள்ளையாக விழுந்தது. இரண்டு கீற்றிலேயே மசாலை அடைத்தார்கள். செடிகளின் நிழல், கதிரவன் எங்கிருந்தாலும், நாள்காட்டிக்காரர் விதித்தபடி வலது கீழ்ப்பக்கமே விழுந்ததனால், களையெடுக்க வந்தவர்கள் காலையில் துண்டு விரித்த இடத்தை மாலைவரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. காற்றில் நின்ற எழுத்துகளைப் பறித்துக் கூடையில் போட்டு அங்கன்வாடிக்குக் கொடுத்தார்கள். முள்ளிமந்தைக் குழந்தைகள் அந்த ஆண்டு அ, ஆ, இ மூன்றையும் வெகு விரைவில் கற்றன, ஈயைக் கற்கவேயில்லை. ஆறு மாதத்தில் ஒரு பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், அவள் காபி கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தபோது, மரியாதையாகக் கண்ணை வேறுபக்கம் வைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார்கள்.

கித்தேரியைத் தேடி வரவும் தொடங்கினார்கள்.

“படக்காரம்மா, அடுத்த புஸ்தகத்துல நம்ம சொரைக்காய இன்னும் கொஞ்சம் நீட்டிப் போடுங்க.”

“சுரைக்காய் அவ்வளவு நீளம் வராதுங்க.”

“நீங்க போட்டா வரும்ங்க.”

“நான் போடுறது இல்லை அது. மாப்பிள்ளை போடுறது.”

“அப்ப அவருகிட்டயே சொல்லிக்கறோம்” என்று எழுந்து போனார்கள். பதினைந்து ஆண்டுகளில் அவளிடம் ஒருவரும் ஒரு படத்தைப் பற்றிப் பேசியதில்லை. பேச வந்தபோது இதைப் பேசினார்கள்.

அவள் ஒரு கத்தரியை எடுத்துச் சென்று, மேசையில் வைத்து, அறுபட்ட முகத்திலிருந்து விதையை ஊசியால் கிளறினாள். ஊசியில் ஒன்றும் வரவில்லை. கட்டைவிரலால் தேய்த்தாள், விரலில் கறுப்பு ஒட்டியது. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாள், மை. தக்காளியைப் பார்த்தாள், வெண்டையைப் பார்த்தாள், பாகலைப் பார்த்தாள், கம்பெனியின் விதைத் தோட்டத்துக்கே போய் விதைக்கென்று முற்றவிட்ட காய்களைப் பார்த்தாள், எல்லாவற்றிலும் மைப்புள்ளி. எழுபத்துநான்கு பதிப்புகளையும் தரையில் பரப்பி மறுபடியும் புரட்டியபோதுதான், இத்தனை ஆண்டுகள் கையில் வைத்திருந்தும் தான் கவனிக்காததை அவள் கவனித்தாள்: விதை விற்கும் கம்பெனியின் புத்தகத்தில், முதல் பதிப்பின் அட்டை தவிர, நூறாண்டாக எங்கும் விதையின் படம் இல்லை. அறுத்த காயில் புள்ளி வைத்திருந்தார்கள். அவள் வரைந்து கொடுத்த விதைகளைக்கூட மருமகன் புள்ளியாக்கியிருந்தான். முள்ளையும் வளைவையும் பற்றிச் சண்டை போட்டவள், புள்ளியைப் பற்றி ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அந்தக் குற்றம் அவளுடையது. அதை அவள் யார்மீதும் ஏற்றவில்லை.

அறுபட்ட காய் ஒன்றோடு சாமியப்பனின் அறைக்குப் போனாள்.

“சார், காயில விதை இல்லை.”

“இருக்குதே அம்மிணி, புள்ளி புள்ளியா.”

“புள்ளிதான் இருக்கு. விதை இல்லை. தேய்ச்சுப் பாருங்க.”

தேய்த்தார். வேட்டியில் துடைத்தார்.

“கிடங்குல பழைய விதை எவ்வளவு இருக்கு?”

“தைப்பட்டத்துக்கு வரும். அடுத்த ஆடிக்குக் கொஞ்சம் இழுத்துப்புடிச்சா வரும்.”

“அப்புறம்?”

“அப்புறம் சாமி இருக்குது.”

“சாமிக்கு விதை எந்தக் கம்பெனி குடுக்குது?”

சாமியப்பன் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் கித்தேரிக்கு வேலை எளிதாகியிருக்கும். அவர் மறுநாளே எழுபத்துநான்காம் பதிப்பைப் பக்கம் பக்கமாகக் கிழித்து, பாத்தி கட்டி, புதைத்து, எட்டு நாள் தம் கையால் நீர் ஊற்றினார். தாள் கூழாகியது. படத்திலிருந்து பயிர் வருமானால் படத்தை நட்டால் போதும் என்ற அவருடைய கணக்கு அத்துடன் முடிந்தது. ஒன்பதாம் நாள் அவரே அவளைக் கூப்பிட்டார்.

“என்ன பண்ணலாம்ங்கற?”

“எப்படிப் போட்டோமோ அப்படித்தானே விளையுது? விதையைப் போடுவோம். இருக்கிற பழைய விதையைப் பார்த்து, அளவு மாறாம, முன்பக்கம், பின்பக்கம், உள்ளே அறுத்தா என்ன இருக்கோ அது, எல்லாம் வரையுறேன். ஆடிக்கு முன்னாடி புத்தகம் வரணும். மாப்பிள்ளை கை வைக்கக் கூடாது.”

சாமியப்பன் எழுந்து கதவைச் சாத்தினார். “எங்க பாட்டனாரு மொத புஸ்தகத்து அட்டையில விதையைப் போட்டாரு. அந்த வருசம் ஒரு சொட்டு மழையில்லை. அப்பறம் போடறதில்லைன்னு சத்தியம் பண்ணிருக்குது. விதைக்குக் கண்ணு பட்டா முளைக்காதும்மிணி. நான் ஒத்துக்கிட்டாலும் ஊரு ஒத்துக்காது. ஊரு ஒத்துக்கிட்டா அச்சடிக்கறேன்.”

முள்ளிமந்தையில் விதையைக் காட்டமாட்டார்கள். காய்ந்த சுரைக்குடுக்கையில் சாம்பல் கலந்து போட்டு, வாயைச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகி, தானியக் குதிருக்குப் பின்னால் வைப்பார்கள், காட்டுக்குக் கொண்டுபோகும்போது துண்டு போர்த்திக் கொண்டுபோவார்கள், வழியில் எதிர்ப்பட்டவர் “என்னதுங்க கையில?” என்று கேட்டால் “சும்மா” என்பார்கள். கம்பெனியிலிருந்து வாங்கிய விதைப் பொட்டலத்தைக்கூட முந்தானைக்குள் வைத்துத்தான் பிரிப்பார்கள். இந்த ஊரில் பிறந்த கம்பெனி, இந்த ஊரின் வழக்கத்தைத் தன் புத்தகத்துக்குள்ளும் கொண்டுபோனது. காயைக் கூவிக் கூவிக் காட்டி, விதையை நூறாண்டு மூடிவைத்தது. அதன் பலன் இப்போது காய்க்குள் கறுப்பு மையாக இருந்தது.

மண்டி விடுமுறை நாளில் தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. கித்தேரி எழுந்து நின்று, கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது, அது எத்தனை காட்டுக்குக் காணும், அது தீர்ந்தபின் முள்ளிமந்தையில் நடுவதற்கு ஒன்றுமில்லை, வெளியூர் விதை வாங்கிவந்து போட்டாலும் இந்த மண்ணில் படமாகவே விளைகிறது என்பதைச் சென்ற மாதம் மூன்று பேர் போட்டுப் பார்த்து அறிந்தாயிற்று என்று, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். அனைவரும் கவனமாகக் கேட்டார்கள். பிறகு பாவாத்தாள் எழுந்தாள்.

“நீங்க விதையை அச்சடிச்சு ஊரூரா அனுப்புவீங்க. ஆயிரம் பேரு பாப்பான். அத்தனை கண்ணும் எங்க காட்டு மேல. அதான?”

“அக்கா, விதையே இல்லைன்னா கண்ணு எது மேல படும்?”

“பேச்சைப் பாரு. படிச்சவ பேச்சு.”

மண்டிக்கார ரத்தினசபாபதி உட்கார்ந்தபடியே சொன்னார்: “இருக்கற காயி நல்லாத்தான ஓடுது? முதுகு இல்லைன்னு எவனாவது திருப்பி அனுப்பிச்சானா? எதுக்குக் கெளர்றீங்க?”

“விதைய விடுங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல், “அந்தப் பூசணியத்தான் ரெண்டு பங்கா போடச் சொல்லுங்க.”

கொட்டகை சிரித்தது. கித்தேரி அன்று பொறுமையை இழந்தாள். “ஏழு விரல் கத்தரியைக் காட்டினப்போ ஒருத்தருக்கும் கண்ணு பயம் இல்லை. அம்மன் கன்னத்தோட பூசணியைக் காட்டினப்போ இல்லை. ஊரே பார்க்கிற மாதிரி பொய்யைக் காட்டலாம், உண்மையை மட்டும் துண்டு போட்டு மூடணும்? நீங்க மூடினது கண்ணுக்குப் பயந்து இல்லை. உங்களுக்கே அதைப் பார்க்கப் பிடிக்கலை. சின்னதா, பழுப்பா, கல்லு மாதிரி இருக்கு, அதான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் ஒத்துக்கொள்ளவுமில்லை. கூட்டம் கலைந்தது. சொன்னது அத்தனையும் சரி. சரியாகச் சொன்னதனாலேயே இரண்டு மாதம் வீணாயிற்று.

தைப்பட்டத்து விதை போயிற்று. கிடங்கில் பாதிக்கு மேல் காலியாயிற்று. மாசியில் இரண்டாம் கூட்டம் கூடி, டீ குடித்து, கலைந்தது. பங்குனியில் பாவாத்தாள் தன் வீட்டுச் சுரைக்குடுக்கையின் மெழுக்கை உடைத்து, புது விதை கொட்டி வைப்பதற்காகச் சாம்பலைத் தட்டியபோது, கொட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை என்பது அவளுக்கு உறைத்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளாக அந்தக் குடுக்கை வெறுமையாக இருந்ததில்லை. மூன்றாம் கூட்டத்தை அவளே கூட்டினாள்.

“கொழந்தையை வெளிய எடுத்துட்டுப் போறப்ப என்ன பண்றோம்?” என்று கேட்டாள். “மூஞ்சிய மூடிக்கிட்டா போறோம்? கன்னத்துல பொட்டு வெச்சுட்டுத் தைரியமாப் போறோம். விதைக்கும் வெச்சுட்டாப் போவுது.”

கொட்டகை முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டது. “செரியான பேச்சு” என்றார் ரத்தினசபாபதி. “இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று கித்தேரியைக் கோபித்துக்கொண்டார்.

கித்தேரி சொன்னாள்: “விதையில பொட்டு இல்லைக்கா.”

“கொழந்தைக்கு மட்டும் பொறக்கறப்பவே இருந்துதா அம்மிணி?”

“நான் வரையுறது உள்ளதை உள்ளபடி. இல்லாததை வைக்கமாட்டேன். பதினஞ்சு வருசமா இதுக்குத்தானே சண்டை போடுறேன்.”

“வெக்காட்டி அச்சடிக்க வேண்டாம்” என்றாள் பாவாத்தாள். அன்பாகத்தான் சொன்னாள்.

கித்தேரி வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டாள். எட்டாம் நாள் கிடங்குக்குப் போய், இருபத்துமூன்று பயிர்களிலும் பயிருக்குப் பத்து விதை எண்ணி வாங்கிக்கொண்டு வந்து, கதவைத் திறந்துவைத்து, காலை வெளிச்சத்தில் வரையத் தொடங்கினாள். தக்காளி விதையின் மேல் பட்டுப்போன்ற மயிர் இருந்தது. அதை மயிர் மயிராக வரைந்தாள். வெண்டை விதையின் தழும்பை, அது காயோடு ஒட்டியிருந்த இடத்தை, வரைந்தாள். பாகல் விதையின் செதுக்கலை, ஒவ்வொரு பள்ளத்தையும் தனித்தனியாக எண்ணி வரைந்தாள். சவர அலகால் பிளந்து, உள்ளே சுருண்டு படுத்திருந்த கருவை, இரண்டு இலையும் ஒரு வேரும் ஒரு குருத்துமாக, மருமகனின் கைக்கு எட்டாத நுண்மையில் வரைந்தாள். முன்பக்கத்தை வரைந்து அருகிலேயே பின்பக்கத்தையும் வரைந்தாள், அந்த ஊருக்கு முதுகு என்ற ஒன்று உண்டு என்பதை நினைவூட்டுவதற்காக. சித்திரை போயிற்று, வைகாசி பாதி போயிற்று, இடது கண்ணில் நீர் வடிந்துகொண்டேயிருந்தது, முடித்தாள். அவள் வாழ்நாளில் அதைவிட உண்மையான ஒன்றை அவள் செய்ததில்லை.

பொட்டை அவள் வைக்கக் கூடாது, பெற்று வளர்த்தவள் வைக்க வேண்டும் என்று ஊர் சொன்னது. இருபத்துமூன்று தாள்களும் மண்டித் தராசு மேடையில் வரிசையாக விரிக்கப்பட்டன. பாவாத்தாள் குளித்து, தலை முடிந்து, விளக்குமையை வெற்றிலையில் குழைத்துக்கொண்டு வந்தாள். களைக்கொத்து பிடித்துக் காய்த்த அவளுடைய கட்டைவிரல் ஒவ்வொரு விதையின் மேலும், ஒற்றை மயிர்த் தூரிகையால் மூன்று நாள் இழைத்த தோலின் மேலும், அழுத்தமாக, அவசரமில்லாமல், இறங்கியது. கித்தேரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்துமூன்று முறை விரல் தாளில் ஒட்டிப் பிரியும் ஓசையை எண்ணினாள்.

“நல்லா வெச்சிருக்கேன், பாருங்க” என்றாள் பாவாத்தாள்.

“பார்க்கலை.”

“பாக்காட்டிப் போங்க. கோவத்துலகூட மொகம் லட்சணந்தான்.”

எழுபத்தைந்தாம் பதிப்பு ஆடிக்கு நான்கு நாள் முன்னதாக வந்தது. காய்ப் படங்கள் பழையபடியே இருந்தன, மருமகன் பூசணியை இரண்டு பங்காக்கியுமிருந்தான். ஆனால் ஒவ்வொரு காய்க்கும் எதிர்ப்பக்கத்தில் விதை இருந்தது, விதை மேல் கட்டைவிரல் இருந்தது. கிடங்கைத் துடைத்துக் கடைசி விதையை விதைத்தார்கள். ஐப்பசியில் காய்த்த காய்கள் வழக்கம்போல் முகப்பும் வெள்ளை முதுகுமாகவே காய்த்தன. பழுக்கவிட்டு உடைத்தார்கள். உள்ளே விதை இருந்தது. தேய்த்தால் கறுக்கவில்லை. நகத்தால் அழுத்தினால் அழுந்தவில்லை. ஒவ்வொரு விதையின் மேலும் ஒரு கறுப்பு மச்சம், அதற்குள் கட்டைவிரல் ரேகை.

ஊர் பொங்கல் வைத்தது. பொட்டு காப்பாற்றிவிட்டது என்றார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் மச்சத்தைப் பற்றி மூன்று கட்டுரை எழுதினார்கள். மயிரையும் தழும்பையும் கருவையும் பற்றி ஒரு வரி இல்லை. பாவாத்தாளின் விரலைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பொங்கல் வைத்த இடத்தில் கித்தேரிக்கும் ஓர் இலை போட்டார்கள், கடைசிப் பந்தியில்.

தைப்பட்டத்தில் அந்த விதையை விதைத்தார்கள். அது புத்தகத்தைப் பார்க்காமல், தனக்குள் சுருண்டு கிடந்ததைப் பார்த்து முளைத்தது. கத்தரி முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. காம்பில் முள் இருந்தது. காய் மூன்று விரற்கடைக்கு மேல் வளரவில்லை. எல்லாப் பக்கமும் தோல் இருந்தது. அவரை தன் பிறவித் திசையில் சுற்றியது. நிழல் நகர்ந்தது, களையெடுக்கிறவர்கள் துண்டை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நகர வேண்டியதாயிற்று. மண்டியில் முறையிட்டார்கள். அறுக்க வேண்டியிருக்கிறது என்று வீட்டில் முறையிட்டார்கள். எல்லா முறையீடும் கித்தேரியின் வாசலுக்கே வந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், ஒருவரும் பதில் கேட்க நிற்கவில்லை.

சித்திரையில் ஒரு காலை பாவாத்தாள் வேர் மண் உதிர ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கிக்கொண்டு கம்பெனிக்குள் நுழைந்து, அதைக் கித்தேரியின் மேசை மேல் போட்டாள். இலை சல்லடையாக இருந்தது. குருத்து வாடித் தொங்கியது. காயில் ஒரு துளை. துளையிலிருந்து ஒரு வெளிறிய புழு தலையை நீட்டி, வெளிச்சம் பிடிக்காமல் உள்ளே இழுத்துக்கொண்டது.

“இது என்னதுங்க?”

“காய்ப்புழு.”

“உங்க படத்துல இது இல்லையே. நான் பக்கம் பக்கமாப் பாத்துட்டேன். முன்னாலயும் இல்லை, பின்னாலயும் இல்லை, உள்ளயும் இல்லை. எங்கிருந்து வந்துச்சு?”

கித்தேரி செடியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். ஒன்றரை ஆண்டாக முள்ளிமந்தையில் ஒரு புழுவும் இல்லை. யாரும் அதைத் தேடவில்லையாதலால் இல்லை என்பதும் யாருக்கும் தெரியவில்லை. ஒரு வண்ணத்துப்பூச்சியோ அந்துப்பூச்சியோ, எந்தப் பக்கத்திலும் அச்சாகாத ஒன்று, எங்கோ வெளியிலிருந்து பறந்து வந்து, இந்தச் செடியைத் தின்னத்தக்க செடி என்று ஒத்துக்கொண்டு, முட்டையிட்டுப் போயிருக்கிறது.

“தானா வந்திருக்குக்கா” என்றாள்.

“அதான் கண்ணுங்கறது. விதையைக் காட்டாதீங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேன்.”

“பொட்டு வெச்சீங்களே?”

“பொட்டு விதைக்கு வெச்சது. எலைக்கு யாரு வெச்சா?”

கித்தேரி, வழக்கத்தால், இடது கையால் தாளை இழுத்து, வலது கையால் பென்சிலை எடுத்தாள். துளைகள் அழகாக இருந்தன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. ஓரங்கள் பழுப்பேறிச் சுருண்டிருந்தன. முதல் கோட்டை இழுப்பதற்குள் பாவாத்தாளின் கை குறுக்கே வந்து பென்சிலைப் பிடித்துக்கொண்டது.

“ஐயோ தாயி, இதைப் போட்டுத் தொலைக்காதீங்க! இருக்கறதே போதும்!”

இருவரும் பென்சிலின் இரு முனையையும் பிடித்தபடி நின்றார்கள். மேசையில் புழு காயிலிருந்து முழுதாக வெளியே வந்து, தாளின் வெள்ளையில் கொஞ்ச தூரம் ஊர்ந்து பார்த்து, தின்ன ஒன்றுமில்லை என்று கண்டு, திரும்பிச் செடிக்கே ஏறியது. கித்தேரி பென்சிலை விட்டாள்.